கிளவ்ஸ்தால்-ட்செல்லர்ஃபெல்ட்: ஆறு வராத மேட்டில் ஒரு சுரங்க ஊர் நின்றது எப்படி?

#1 கரைமேடு

வட ஜெர்மனியின் சமவெளியிலிருந்து தெற்கே போனால் சட்டென்று எழுந்து நிற்கும் முதல் மலை ஹார்ட்ஸ். அதன் மேற்குப் பாதியில், கோஸ்லார் நகரத்துக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அலையலையாக ஒரு மேட்டுநிலம். அதன்மேல் கிளவ்ஸ்தால்-ட்செல்லர்ஃபெல்ட். மக்கள்தொகை 15,000-ஐ ஒட்டியது. 2015-இல் ஆல்டெனவ், வில்டெமான், ஷூலென்பெர்க் என்ற பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் இந்த எண்ணிக்கையும். இவ்வளவு சிறிய ஊர் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 1930 வரை வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் தோண்டியிருக்கிறது.

எனக்குப் புரியாத இடம் ஒன்று. நீராவி இயந்திரம் வருவதற்கு முன்னால் சுரங்கத்தில் நீர் இறைக்கவும் தாது தூக்கவும் நீர்ச்சக்கரம்தான் கதி. சக்கரத்துக்கு ஆறு வேண்டும். இந்த மேட்டில் ஆறுகள் பிறக்கின்றன, வேறெங்கிருந்தும் ஓடி வருவதில்லை. இன்னர்ஸ்டே ஆறு ஊருக்குப் பக்கத்தில் ஓடையாகத் தொடங்கி அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. அப்படியானால் சக்கரங்களைச் சுற்றியது எந்தத் தண்ணீர்? ஊருக்கு ஏன் இரட்டைப் பெயர்? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

#2 தாதுநரம்பு

நிலத்தடியிலிருந்து தொடங்குவோம். மேற்கு ஹார்ட்ஸின் அடிப்பாறை பெரும்பாலும் கிரேவாக் என்னும் கெட்டி மணற்பாறையும் பலகைக்கல்லும்தான். கார்பன் யுகத்தில் கடலடியில் படிந்து, பிறகு மடிந்து உயர்ந்தவை. வெகுகாலம் கழித்து அந்தப் பாறையில் நீளநீளமாகப் பிளவுகள் விழுந்தன. கீழிருந்து ஏறிய சூடான உப்புநீர் அவற்றுக்குள் கனிமங்களை விட்டுச் சென்றது. அவைதான் தாது நரம்புகள். மேற்கு-வடமேற்கிலிருந்து கிழக்கு-தென்கிழக்காகக் கிட்டத்தட்ட இணைகோடுகள் போல ஓடுகின்றன. கலீனா என்னும் ஈயத்தாது, துத்தநாகத் தாது, இவற்றோடு குவார்ட்ஸ், கால்சைட், பாரைட். இங்கே வெள்ளி தனியாகக் கிடைப்பது அபூர்வம், கலீனாவுக்குள்தான் கலந்திருக்கிறது. அதனால் தாது உருக்கும் உலையில் முதலில் ஈயத்தைப் பிரித்து, அதிலிருந்து வெள்ளியைப் பிரிக்க வேண்டும். பக்கத்துச் சுரங்க ஊரான சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க் மட்டும் வேறு மாதிரி, அங்கே செறிவான வெள்ளித் தாதுக்கள் உண்டு.

நரம்பு செங்குத்தாக இறங்குவதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். நிலக்கரிப் படுகை போலக் கிடையாகக் கிடந்தால் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகலாம். இங்கே ஒரு தலைமுறை தோண்டினால் அடுத்த தலைமுறைக்கு வேலை இன்னும் கீழே. ஆழம் கூடக் கூட ஊற்றுநீரும் கூடும்.

வரலாறு இரண்டு அத்தியாயம். 1200 வாக்கில் இங்கே பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்று அமைந்தது. லத்தீனில் செல்லா, அறை என்று பொருள். ட்செல்லர்ஃபெல்ட் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் வந்து சுரங்கம் ஓய்ந்தது, மடமும் பின்னால் கைவிடப்பட்டது. இரண்டாவது அத்தியாயம் 16-ஆம் நூற்றாண்டில். மண்ணை ஆண்ட கோமகன்கள் ‘சுரங்கச் சுதந்திரம்’ என்று சாசனம் வெளியிட்டு ஆட்களை அழைத்தார்கள். வந்து குடியேறுபவருக்கு வரிச்சலுகை, வீடு கட்ட மரம், சொந்தமாகத் தாது தேடும் உரிமை. வந்தவர்களில் பெரும்பாலோர் சாக்சனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலையின் சுரங்கத் தொழிலாளர்கள். கைத்தொழிலோடு அவர்கள் பேச்சும் வந்தது. சுற்றிலும் வடக்கத்திய ஜெர்மன் பேசும் நாட்டில், இந்த மேட்டில் மட்டும் எர்ட்ஸ்கெபிர்கே வட்டார வழக்கு ஒரு தீவு போல நின்றுவிட்டது.

#3 மேப்புமணி

இரட்டைப் பெயருக்குப் பதில்: இரண்டு ஊர், இரண்டு அரசு. நடுவில் ட்செல்பாஹ் என்ற சின்ன ஓடை. வடகரையில் ட்செல்லர்ஃபெல்ட், பிரவுன்ஷ்வைக்-வோல்ஃபென்பூட்டல் கோமகன்கள் வசம் இருந்தது, 1532-இல் சாசனம் பெற்றது. தென்கரையில் கிளவ்ஸ்தால், அதே கோமகன் குலத்தின் குரூபென்ஹாகன் கிளையின் ஊர், சாசனம் 1554. 1635-க்குப் பிறகு ட்செல்லர்ஃபெல்ட் பக்கம் இரண்டு அரச கிளைகளின் கூட்டுச் சொத்தாகி, வருமானம் ஏழில் நான்கு பங்கு, ஏழில் மூன்று பங்கு என்று பிரிந்தது. 1788 வரை அந்த ஏற்பாடு ஓடியது. கிளவ்ஸ்தால் ஹனோவர் கிளைக்கே முழுதாகப் போயிற்று. 1714 முதல் அந்த ஹனோவர் ஆட்சியாளரே பிரிட்டனின் அரசரும் ஆனார்.

ஒரு கல் எறியும் தூரத்தில் இரண்டு சுரங்க நிர்வாகம், இரண்டு நாணயசாலை. 1924-இல்தான் நகராட்சியாக ஒன்றானார்கள். தெருவில் நடந்தால் வேறுபாடு இன்றும் கண்ணில் படும். 1672-இல் ட்செல்லர்ஃபெல்ட் எரிந்தது. திரும்பக் கட்டியபோது அகலமான தெருக்களைச் செங்கோணத்தில் வெட்டினார்கள், தீ ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவாமல் இருக்க. கிளவ்ஸ்தாலின் பழைய பகுதி நிலத்தின் மேடுபள்ளத்தையும் சுரங்கங்களின் வரிசையையும் பார்த்து வளைந்து போகும். அங்கே 1634-இலும் தீ. அதன்பின் எழுப்பிய பரிசுத்த ஆவி சந்தைத் தேவாலயம் 1642-இல் திறக்கப்பட்டது. மரத்தால் ஆனது. ஜெர்மனியின் மிகப்பெரிய மரத் தேவாலயங்களில் ஒன்று. தீ பிடித்த ஊரில் மறுபடியும் மரமா என்று தோன்றும். மலைமேல் கைக்கெட்டும் பொருள் மரம்தான், அதை இழைத்துப் பூட்டத் தெரிந்த தச்சர்களும் சுரங்கத்தை நம்பி அங்கேயே இருந்தார்கள்.

#4 மதகுக்காரர்

கரைமேடு கேட்ட தண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். இந்த ஊரின் உயிர்நாடி அதுதான் என்பது என் கருத்து.

முதலில் மழை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை ஹார்ட்ஸ் முதல் தடுப்பாக நின்று பிடிக்கிறது. கிளவ்ஸ்தாலில் ஆண்டுக்கு 1,300 மி.மீ. அளவில் மழையும் பனியும். கிழக்கே 1,141 மீட்டர் உயர புரோக்கன் சிகரத்தைச் சுற்றி இன்னும் அதிகம். ஆக, தண்ணீர் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய நாளில் நிற்பதில்லை, அவ்வளவுதான். பனி உருகும் வசந்தத்தில் வெள்ளம், ஆகஸ்டில் வறட்சி, ஜனவரியில் உறைபனி. சுரங்கத்தின் ஊற்றோ நாள் பார்ப்பதில்லை.

அதற்கு அவர்கள் செய்தது ஏரிச்சங்கிலி. 1536-லிருந்து 1866 வரை, முன்னூறு வருடத்துக்கு மேல், மேட்டில் 140-க்கும் மேற்பட்ட ஏரிகள், மொத்தம் 500 கிலோமீட்டர் அளவுக்கு வாய்க்கால்கள், 30 கிலோமீட்டர் சுரங்க நீர்வழிகள். எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியவை அல்ல, பழையது கைவிட்டுப் புதியது வெட்டியதும் உண்டு. மேல் ஹார்ட்ஸ் நீர் ஆயம் என்று இதற்குப் பெயர். ஆயம் என்றால் இங்கே அரசுரிமை. நீர் ஆள்பவருக்குச் சொந்தம், அவர் அதைச் சுரங்கத்துக்கு முதலில் கொடுப்பார், மாவு ஆலைக்கும் மற்றவருக்கும் பிறகுதான். 2010-இல் யுனெஸ்கோ இதை ராமெல்ஸ்பெர்க் சுரங்கம், கோஸ்லார் நகரம் இரண்டோடும் சேர்த்து உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

வாய்க்காலைச் சமஉயரக் கோட்டை ஒட்டி வெட்டினார்கள். கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் சரிவுதான். கூடுதலாகச் சரித்தால் இரண்டு கேடு. வேகம் கூடி மண் அரிக்கும். அதைவிடப் பெரிய கேடு, சக்கரத்துக்கு முன்னாலேயே உயரம் வீணாகும். உயரம்தான் அங்கே பணம். குறைத்துச் சரித்தால் வண்டல் படிந்து அடைக்கும், குளிரில் சீக்கிரம் உறையும். பள்ளத்தாக்குப் பக்கத்துக் கரையைக் கல்லடுக்கிப் புல்மண் வைத்து அடைத்து, அதன்மேலேயே காவலர் நடக்கும் பாதை.

இடையிடையே ஒரு பக்கக் கலிங்கு உண்டு. வாய்க்கால் கொள்ளாத அளவு வந்தால் பலகையைத் தூக்கி ஓடைக்குத் திருப்பிவிட. இதைத் திறக்கத் தாமதித்தால் நீர் கரைமேல் வழியும், அரை மணி நேரத்தில் கரை அறுந்து சரிவில் இறங்கிவிடும். அதனால்தான் வாய்க்காலோரமே காவலர் வீடுகள். பனிக்காலத்தில் வாய்க்காலின் குறுக்கே கழிகளைப் பரப்பி ஸ்புரூஸ் கிளைகளை மூடுவார்கள். பனி மேலே தங்கும், நீர் அடியில் ஓடும்.

கிளவ்ஸ்தால் மேட்டின் மழை மட்டும் போதாமல் போனபோது புரூஹ்பெர்க் மலைச்சரிவின் நீரைக் கொண்டுவர டாம்கிராபன் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு தாழ்வான கணவாய். பள்ளத்தில் இறக்கினால் திரும்ப ஏற்ற முடியாது. எனவே 1732 முதல் 1734 வரை 940 மீட்டர் நீளம், அதிகபட்சம் 16 மீட்டர் உயரம் கொண்ட மண்கரை போட்டு, அதன் முதுகில் வாய்க்காலை நடத்தினார்கள். ஷ்பெர்பர்ஹாய் கரை என்று பெயர். நீர் இன்றும் அதன்மேல் போகிறது. பிறகு வாய்க்காலைக் கிழக்கே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, 1827-இல் புரோக்கன் அடிவாரச் சதுப்பு நீர் வரைக்கும் எட்டினார்கள்.

#5 கரைமேடு

ஐயா, இந்த ஏரிக்கரைகள் களிமண் கரைகளா? 300 வருடம் எப்படித் தாங்கின? மதகு என்ன அமைப்பு?

#6 மதகுக்காரர்

நல்ல களிமண் அங்கே கிடையாது. கிடைத்தது புல்மண். மேய்ச்சல் நிலத்தின் மேல்தோலை வேரோடு செங்கல் மாதிரி வெட்டி, இடைவெளியில்லாமல் அடுக்கி இடித்தார்கள். வேர்ப்பின்னலும் மக்கிய மண்ணும் சேர்ந்து நெகிழ்வாக நிற்கும். கரை கொஞ்சம் அமுங்கினாலும் விரிசல் விடாது. ஈரமாக இருக்கும் வரை காற்றுப் புகாது, காற்றில்லாமல் மக்காது.

முதல் 180 வருடம் இந்த அடைப்பை நீர்ப்பக்கத்துச் சரிவில்தான் போட்டார்கள். தவறு அங்கேதான் வந்தது. அலை அடிக்கும், பனிக்கட்டி தள்ளும், ஏரி வற்றினால் வெயிலில் காய்ந்து வெடிக்கும். 1715 வாக்கிலிருந்து அடைப்பைக் கரையின் நடுவுக்குள் மாற்றினார்கள். இருபக்கமும் மண்ணும் கல்லும் காவல். இதே காலத்தில் சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க்குக்காகக் கட்டியதுதான் ஓடர்டைஷ் ஏரி, 1715 முதல் 1722 வரை. அந்த இடத்தில் புல்லுக்குப் பதில் சிதைந்த கிரானைட் மணலை அடைப்பாக இடித்து, வெளியே கிரானைட் கற்களைச் சாய்வாக அடுக்கினார்கள். கொள்ளளவு ஏறத்தாழ 17 லட்சம் கன மீட்டர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஜெர்மனியில் அதைவிடப் பெரிய அணை இல்லை.

மதகுக்கு அவர்கள் சொல் ஷ்ட்ரீகல். கரையின் அடியில், குறுக்காக, ஓக் மரத்தைக் குடைந்து செய்த தூம்பு ஒன்று படுத்திருக்கும். ஏரிப்பக்க முனையில் மேற்புறத்தில் ஒரு வட்டத் துளை. அதில் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று குமிழ் போலப் பொருந்தி உட்காரும். கட்டையிலிருந்து ஒரு நீண்ட மரத்தண்டு மேலே ஏறி, நீருக்கு மேல் இருக்கும் சின்ன வீட்டுக்குள் போகும். காவலர் தண்டைத் தூக்கினால் கட்டை எழும். எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு நீர். ஏரியின் நீரழுத்தமே கட்டையைத் துளைக்குள் அமுக்குவதால், மூடினால் தானே இறுகிக்கொள்ளும். துளையைச் சுற்றிக் கம்பி அளி, சுள்ளி நுழைந்து கட்டைக்கடியில் சிக்காமல் இருக்க.

பழைய முறையில் அந்த வீடு ஏரிக்குள் கால்நட்டு நிற்கும், நடைபாலம் வழியாகப் போக வேண்டும். பழுது பார்க்க ஏரியையே வடிக்க வேண்டும். புதிய முறையில் ஷ்ட்ரீகலைக் கரையின் நடுவில் ஒரு மரக்கிணற்றுக்குள் வைத்தார்கள். கிணற்றின் ஏரிப்பக்கத்தைப் பலகை போட்டு அடைத்தால் ஏரி நிரம்பியிருக்கும்போதே உள்ளே இறங்கிக் கட்டையை மாற்றலாம். ஒரு எச்சரிக்கையை அந்தக் காலத்து ஆட்களும் அறிந்திருந்தார்கள். நீரில் மூழ்கிய ஓக் நூற்றாண்டு கணக்கில் நிற்கும். ஏரியை வடித்து நீண்ட நாள் காயவிட்டால் அதே தூம்பு உளுத்துவிடும்.

இன்னொன்று, ஹுட்டால் பக்கத்தில் ஒரு வாய்க்கால் உண்டு. சரிவே கிடையாது. ஹிர்ஷ்லர் ஏரியில் நீர்மட்டம் தாழ்ந்தால் ஹுட்டால் நீர் இந்தப் பக்கம் ஓடும். ஹிர்ஷ்லர் நிரம்பிவிட்டால் உபரி அதே வாய்க்காலில் திரும்பி ஓடி ஹுட்டால் ஏரியில் போய்த் தங்கும். திறக்கவும் மூடவும் ஆள் தேவையில்லை. மட்டம் பார்க்கும் கருவி எவ்வளவு எளியதாக இருந்த காலத்தில் இதைச் செய்தார்கள் என்று எண்ணினால் மரியாதை கூடுகிறது.

#7 தாதுநரம்பு

மதகுக்காரர் சொல்வதில் ஒன்றைத் திருத்த வேண்டும். உயிர்நாடி தண்ணீர் மட்டும் இல்லை. காடும்தான். குழிகளுக்கு முட்டு மரம், சக்கரத்துக்கு மரம், உருக்கும் உலைக்குக் கரி, எல்லாம் அந்த மலையிலிருந்தே. கலப்புக் காடு அழிந்து, சீக்கிரம் நெடுநெடுவென்று வளரும் ஸ்புரூஸ் ஒன்றையே வரிசை வரிசையாக நட்டது அதனால்தான். ஸ்புரூஸுக்குச் சுரங்கத்தில் தனி மதிப்பு உண்டு. முறிவதற்கு முன் முனகும். ஆள் விலக நேரம் கிடைக்கும்.

நீராவி ஏன் தாமதித்தது என்பதற்கும் இதே பதில். நிலக்கரி மலையில் இல்லை, ரயில்பாதை கிளவ்ஸ்தாலுக்கு வந்ததே 1877-இல். அதுவரை குதிரைவண்டியில் கரி ஏற்றிக் கொதிகலனுக்குக் கொடுப்பதைவிட ஏரி நீர் மலிவு.

#8 கணக்குப்பிள்ளை

எண்களை வைத்துப் பார்த்தால் இந்த ஊரின் வரலாறு முழுக்கவே புரியும். 9 மீட்டர் விட்டமுள்ள மேல்வீழ் சக்கரத்தில், அதாவது நீர் உச்சியிலிருந்து விழுந்து சுற்றும் சக்கரத்தில், விநாடிக்கு 100 லிட்டர் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்தி 100 × 9.81 × 9, ஏறக்குறைய 8.8 கிலோவாட். சக்கரத்தின் சிதறல், தண்டுகளின் உராய்வு, பம்பின் கசிவு எல்லாம் போகப் பாதி மிஞ்சினால் 4.4 கிலோவாட். அதை வைத்து 300 மீட்டர் ஆழத்திலிருந்து ஊற்றுநீரை இறைத்தால் விநாடிக்கு 1.5 லிட்டர். 100 லிட்டரை மேலே கொண்டுவந்து விட்டால் கீழிருந்து ஒன்றரை லிட்டர் ஏறும். இவ்வளவு ஏரிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு இதுதான் விடை.

பம்பு என்பதும் ஒன்று இல்லை. உறிஞ்சும் பம்பு காற்றழுத்தத்தை நம்பியது, நடைமுறையில் எட்டு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏற்றாது. ஆக 300 மீட்டருக்கு 35 பம்பு வரிசையாக. ஒன்று தொட்டியில் ஊற்ற, அடுத்தது அதிலிருந்து உறிஞ்ச, எல்லாம் ஒரே தண்டில் தொங்கும். ஒரு பம்பின் தோல்வளையம் தேய்ந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நிரம்பி வழியத் தொடங்கும். சுரங்கத்தில் எப்போதும் நடக்கும் பழுது இதுதான்.

இப்போது வடிகால் சுரங்கத்தைப் பாருங்கள். மலையின் பக்கத்திலிருந்து லேசான ஏற்றத்தில் துளைத்து, குழியை 100 மீட்டர் ஆழத்தில் சந்திக்கிறோம். ஊற்றுநீரை இனி 300 ஏற்ற வேண்டாம், 200 போதும். அதே சக்கரம் 1.5-க்குப் பதில் 2.2 லிட்டர் ஏற்றும். அதோடு முடியவில்லை. சக்கரத்தைவிட்டு விழுந்த நீருக்கும் இப்போது கீழே வெளியேற வழி இருக்கிறது. எனவே அந்த 100 மீட்டருக்குள் பூமிக்கடியில் குகை வெட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாகச் சக்கரங்கள் வைக்கலாம். அதே 100 லிட்டர் திரும்பத் திரும்ப வேலை செய்யும். குகைக்குள் இருப்பதால் உறைபனித் தொல்லையும் குறைவு. ஏற்ற உயரம் குறைகிறது, விழும் உயரம் கூடுகிறது, ஒரே துளையில்.

வில்டெமானில் வாய் திறக்கும் 19 லாக்டர் வடிகால் 1551-இல் தொடங்கி 1690-இல் முடிந்தது. ஒரு லாக்டர் 1.92 மீட்டர். ஆரம்பத்தில் உளியும் சுத்தியலும்தான், வெடிமருந்து 1630-களில்தான் வந்தது. அடுத்து பாட் கிருண்டிலிருந்து ஆழ் ஜார்ஜ் வடிகால், 1777 முதல் 1799 வரை. கடைசியாக எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் வடிகால், கிட்டெல்டேயில் வாய், கிளவ்ஸ்தாலுக்கு அடியில் ஏறத்தாழ 400 மீட்டர் ஆழம். 22 வருடம் ஆகும் என்று கணக்கிட்டதை 1851-லிருந்து 1864-க்குள் முடித்தார்கள், பல இடங்களில் ஒரே நேரத்தில் எதிரெதிராகத் துளைத்ததால். எட்வார்ட் போர்ஷர்ஸ் என்ற சுரங்க அளவையாளர் எதிரெதிர்த் துளைகளைச் சந்திக்க வைக்க வலுவான காந்தத்தைப் பயன்படுத்தினார். ஒரு துளையின் முனையில் காந்தத்தை வைத்து, மறுதுளையின் முனையில் திசைகாட்டி முள் விலகும் அளவைப் பார்த்து, நடுவில் இருக்கும் பாறைக்குள் திசையைக் கணித்தார்.

#9 கம்பிவடம்

தண்ணீர் ஒரு பக்கம். ஆழம் கூடியதும் தாது தூக்குவது இன்னொரு தலைவலி. தூக்கும் சக்கரத்தில் எதிரெதிராக இரண்டு வரிசைத் தொட்டிகள். எந்த வரிசையில் நீர் விடுகிறோமோ அந்தத் திசையில் சுற்றும், ஏற்றவும் இறக்கவும் ஒன்றே. பிரச்சனை சக்கரத்தில் இல்லை, வடத்தில். சணல் வடம் ஈரத்தில் அழுகும். இரும்புச் சங்கிலி ஆழம் கூடக் கூடத் தன் எடையையே சுமக்கும். ஒரு கண்ணி விட்டால் முன்னறிவிப்பு இல்லாமல் அத்தனையும் குழிக்குள்.

கிளவ்ஸ்தால் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1829-இல் சங்கிலிகளை ஒரு பொறியில் பூட்டித் திரும்பத் திரும்பச் சுமையேற்றிப் பார்த்தார். தாங்கும் சுமைதான், ஆனால் திரும்பத் திரும்ப ஏறினால் உடைகிறது. உலோகச் சோர்வு பற்றிய முதல் சோதனைகளில் ஒன்று. 1834 ஜூலையில் கரோலினா குழியில் கம்பிவடத்தை ஓடவிட்டார். 3.5 மி.மீ. தடிப்பான இரும்புக் கம்பி நான்கைச் சேர்த்து ஒரு புரி, அப்படி மூன்று புரி, ஆக 12 கம்பி. முறுக்குவது கையால். நடுவில் சணல் நார் இல்லை. கம்பிகள் புரிக்குள் முறுகும் திசையும் புரிகள் வடத்துக்குள் முறுகும் திசையும் ஒன்றே. இதனால் ஒவ்வொரு கம்பியும் வடத்தின் மேற்பரப்பில் நீளமாகக் கிடக்கும், உருளையில் உரசும்போது தேய்மானம் பரவலாகும். இந்த முறுக்கு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் சுமை கட்டாத முனையை விட்டால் முறுக்கு அவிழும், தொங்கும் சுமை சுழலும். அதனால் சுமையை வழித்தடத்தில் பூட்டி ஓட்டும் இடத்துக்குத்தான் பொருந்தும்.

அடிப்படை நன்மை இது: 12-இல் ஒன்று அறுந்தால் வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டு தெரியும். வடம் விழுவதற்கு முன்பே மாற்றலாம். ஆல்பர்ட் காப்புரிமை வாங்கவில்லை, வெளியிட்டுவிட்டார்.

ஆட்கள் ஏறி இறங்குவது அதுவரை ஏணியில். ஆழக் குழியில் வேலை முடித்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஏணி ஏற வேண்டும். 1833-இல் டோரெல் என்ற சுரங்க மேற்பார்வையாளர், பம்புத் தண்டுகள் மேலும் கீழும் போவதைப் பார்த்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்டில் படிகளும் கைப்பிடிகளும் பொருத்தினார். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஏறி நிற்கும் நொடியில் பக்கத்துத் தண்டின் படிக்கு மாறினால் அது உங்களை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகும். அந்த நொடி தவறக் கூடாது, அவ்வளவுதான் விதி. 810 மீட்டர் ஆழமுள்ள சாம்சன் சுரங்கத்தில், சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க்கில், 1837-இல் வைத்தது இன்றும் ஓடுகிறது. மேலே 190 மீட்டருக்கு மட்டும். அடியில் இருக்கும் நீர்மின் நிலையத்தைப் பராமரிக்கப் போகிறவர்களுக்காக.

#10 மேப்புமணி

தத்துவவாதியும் கணித மேதையுமான லைப்னிட்ஸின் பெயர் இந்த ஊரோடு சேர்ந்து வரும்போது ‘சுரங்கத்தைக் காப்பாற்றிய மேதை’ என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். சரி செய்துகொள்ளுங்கள். 1679-லிருந்து 1685 வரை காற்றாலையால் நீர் இறைக்க அவர் முயன்றார். உண்மையான யோசனை நல்லது: சக்கரத்தில் விழுந்து வெளியேறும் நீரைக் காற்று இருக்கும் நாளில் திரும்ப ஏரிக்கு ஏற்றி வைத்துக்கொள்வது. காற்று சீராக அடிக்கவில்லை, மரப்பற்கள் நொறுங்கின, சுரங்க அலுவலர்களோடும் ஒத்துப்போகவில்லை. கோமகன் 1685-இல் நிறுத்தச் சொன்னார்.

ஊரை உயர்த்தியவர்கள் அங்கேயே வேலை பார்த்த அலுவலர்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல 1775-இல் தொடங்கிய வகுப்புகள் 1864-இல் சுரங்கக் கல்விக்கழகமாகி, 1968-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோஹ் 1843-இல் பிறந்ததும் கிளவ்ஸ்தாலில்தான், சுரங்க அலுவலர் ஒருவரின் மகனாக.

#11 பச்சைமண்

யாரும் தொடாத பகுதியைச் சொல்கிறேன். உருக்கும் உலைகளின் புகை சுற்றுவட்டாரக் காட்டை எரித்தது. தாது நொறுக்கிக் கழுவிய மணல் இன்னர்ஸ்டே, ஓக்கர் ஆறுகளில் இறங்கி, வெள்ளம் வரும்போதெல்லாம் சமவெளி வயல்களில் படிந்தது. ஈயமும் காட்மியமும் மண்ணைவிட்டுப் போகவில்லை. கோஸ்லார் மாவட்டம் முழுப் பகுதியையும் ஒரு மண் திட்டமிடல் வட்டாரமாக வரையறுத்து, தோண்டிய மண்ணை எங்கே கொட்டலாம் என்று விதி வைத்திருக்கிறது.

அங்கே குடியேறித் தோட்டம் போடுபவர் கவனிக்க வேண்டியது: ஈயம் பெரும்பாலும் செடிக்குள் ஏறாது, ஒட்டிய மண்ணாகத்தான் வாய்க்குப் போகும். எனவே கிழங்குகளைக் கழுவித் தோல் சீவுங்கள், குழந்தை விளையாடும் இடத்தில் வெறும் மண் தெரியவிடாமல் புல் வையுங்கள், கையைக் கழுவுங்கள். காட்மியம் வேறு குணம், இலைக்குள் ஏறும். பசலை, லெட்டூஸ், செலரி தவிர்த்துத் தக்காளி, பீன்ஸ், பழமரம் வைக்கலாம். அமில மண்ணில் காட்மியம் சுலபமாகக் கரையும், சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைத்தால் ஏறுவது குறையும். எல்லாவற்றுக்கும் மேல், வெளியிலிருந்து சுத்தமான மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்தி கட்டுவது நல்லது.

2018-க்குப் பிறகு அடுத்தடுத்து வந்த வறட்சியில் பட்டைவண்டு பெருகி ஸ்புரூஸ் தோப்புகள் மலைமலையாகக் காய்ந்துபோனது எல்லோருக்கும் தெரியும். தாதுநரம்பு சொன்ன அந்த ஒற்றை மர நடவுக்கு இன்று கொடுக்கும் விலை.

#12 கரைமேடு

இவ்வளவும் படித்த பிறகு நேரில் பார்க்க நினைப்பவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

#13 மேப்புமணி

ரயில் இப்போது கிடையாது. இன்னர்ஸ்டே பள்ளத்தாக்குப் பாதையில் பயணிகள் ரயில் 1976-இல் நின்றது, தண்டவாளமும் எடுத்துவிட்டார்கள். கோஸ்லார் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. முதலில் ட்செல்லர்ஃபெல்டில் 1892-லிருந்து இருக்கும் சுரங்க அருங்காட்சியகத்தில் மாதிரிகளைப் பாருங்கள், அதற்குப் பிறகு வெளியே பார்ப்பது புரியும். ஷ்பெர்பர்ஹாய் கரையில் காவல் வீட்டிலிருந்து கரையின் முதுகில் நடங்கள். கரையின் இருபுறமும் நிலம் இறங்க, நடுவில் தண்ணீர் சத்தமில்லாமல் போவது தெரியும். வாய்க்காலோரப் பாதைகள் சமமானவை, வயதானவர்களும் நடக்கலாம். ஸ்புரூஸ் மர வடிவில் வெட்டிய பலகைகள் அங்கங்கே விவரம் சொல்லும், டென்னெர்ட் மரம் என்பார்கள். ஒட்டிலியே குழியின் மேல் நிற்கும், தாது தூக்கும் வடத்தைத் தாங்கிய இரும்புக் கோபுரத்தையும் விடாதீர்கள், 1876-இல் எழுந்தது, ஜெர்மனியில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. வில்டெமானில் 19 லாக்டர் வடிகாலுக்குள்ளும் போகலாம். கோடையிலும் உள்ளே குளிரும், மேல்சட்டை கொண்டுபோங்கள்.

பனிக்காலத்தில் இரண்டு கவனம். மூடிய வாய்க்கால் பனிக்கடியில் தெரியாது, பாதை விட்டுக் கால் வைக்காதீர்கள். ஏரிப் பனிக்கட்டி மேல் நடக்கவே நடக்காதீர்கள். அடியில் நீரை எடுத்துக்கொண்டே இருப்பதால் கட்டிக்குக் கீழே வெற்றிடம் இருக்கும்.

#14 மதகுக்காரர்

கடைசியாக ஒரு சேர்க்கை. 1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஈய விலை விழுந்து கிளவ்ஸ்தால் குழிகள் மூடின. ஏரிகள் மூடவில்லை. கைசர் வில்ஹெல்ம், ஒட்டிலியே குழிகளில் ஏரி நீரைக் கீழே விழவிட்டு, அடியில் டர்பைன் வைத்து, எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் வடிகால் வழியாக வெளியேற்றி 1980 வரை மின்சாரம் எடுத்தார்கள். சுரங்கத்தை வடிக்கத் துளைத்த வழி, சுரங்கம் போன பிறகும் ஐம்பது வருடம் வேலை செய்தது. இன்று 65 ஏரிகள் அளவில் பராமரிப்பில் உள்ளன, பொறுப்பு ஹார்ட்ஸ் நீர் நிறுவனத்திடம். தூம்புகளில் ஓக் போய் உலோகமும் வந்துவிட்டது. ஆனால் வெள்ளக் காலத்தில் பக்கக் கலிங்கின் பலகையைத் தூக்க இன்றைக்கும் ஒருவர் வாய்க்காலோரம் நடந்துதான் போகிறார்.